தூண்டில் சக்கரமும் பழுது பார்த்த கையும்

நம் இலக்கியத்துக்குத் தூண்டில் புதியதன்று. நெய்தல் நிலத்துப் பரதவர் வலை வீசியதையும் தூண்டிலிட்டதையும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். சூதின் தீமையை உணர்த்த வந்த திருவள்ளுவரோ, சூதிலே கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரும்பை இரையென விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். ஆயினும் அவர்கள் கண்ட தூண்டிலுக்கு உறுப்புகள் மூன்றே: கோல், கயிறு, முள். கோலின் அடியிலே ஒரு சக்கரத்தைப் பொருத்தி, வேண்டும்போது கயிற்றை விடவும் வேண்டும்போது சுற்றிக்கொள்ளவும் வகை செய்த நான்காவது உறுப்பு நம் ஊருக்குப் பிற்காலத்திலே வந்தது. அதன் பெயர் ரீல்.

அத்தகைய பழைய ரீல் ஒன்று சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே என் கைக்கு வந்தது. லிந்துலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே, என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தேன். பெட்டியிலே வேறென்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சியரித்த கம்பளிக் கோட்டு ஒன்று. பிரஜாவுரிமை விண்ணப்பம் சம்பந்தமாக மடித்து மடித்துக் கிழிந்துபோன காகிதங்கள் சில. இந்தியாவுக்குச் சென்றுவிட்ட தம்பி அவருக்கு எழுதிய நான்கு கடிதங்கள். அவற்றுக்கெல்லாம் அடியிலே, தோலுறைக்குள், உள்ளங்கை அகலத்திலே ஒரு வட்ட உலோகம்.

தாத்தா தோட்டத்துப் பெரிய பங்களாவிலே வேலை பார்த்தவர். தோட்டங்கள் அரசுடைமையான 1970களிலே, துரை தம் நாட்டுக்குப் புறப்பட்டபோது அதனைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "ஒடஞ்சு போனத குடுத்துட்டுப் போனாரு" என்பது அந்த வரலாற்றுக்குப் பாட்டி எழுதிய உரை.

கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தேன். சக்கரம் ஓசையின்றி, தடையின்றிச் சுழன்றது. ஓசையின்றிச் சுழல்வதே அதன் நோய் என்பது அன்று எனக்குத் தெரியாது.

குளிர் நீருக்கு வந்த மீன்

தேயிலைத் தோட்டத்துக்கும் தூண்டில் சக்கரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு ஒரு மீனால் ஏற்பட்டது. டிரவுட் எனப்படும் அம்மீன் குளிர்ந்த, தெளிந்த நீரிலே வாழும் இயல்புடையது. ஆங்கிலத் தோட்டக்காரர் நம் மலைகளைக் கண்டதும் தம் நாட்டு ஓடைகளை நினைத்தனர். ஓடை இருந்தது, மீன் இல்லை. ஆகவே 1880களிலே டிரவுட்டின் முட்டைகளைக் கடல் கடந்து கொண்டுவந்து மலைநாட்டு நீர்களிலே வளர்க்க முற்பட்டனர். 1885இலே நானுஓயா வரை புகைவண்டிப் பாதை திறக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. பழுப்பு டிரவுட் இங்கே நிலைத்துப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட்டோ ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலே தானாகவே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது.

அச்சமவெளியின் நீரைப் பெற்று இறங்கும் ஆக்ரா ஓயா அக்கரப்பத்தனைத் தோட்டங்களினூடே ஓடி, கொத்மலை ஓயாவாகி மகாவலியைச் சேருகிறது. தோட்டத்துரைமாரிடையே பெயர்பெற்ற டிரவுட் நீர்களுள் அது ஒன்று. நுவரெலியாவிலே அவர்களுக்கென ஒரு மீன்பிடிக் கழகமும் இருந்தது. இரை வைத்துப் பிடிப்பது அவர்களுக்கு இழிவு. இறகையும் பட்டு நூலையும் முள்ளிலே கட்டி, ஈயைப் போலத் தோற்றுவித்து, அதனை நீரின்மேல் மெல்ல இறக்கிப் பிடிப்பதே அவர்கள் கண்ட கலை. அதற்குரிய கோலிலே பொருத்தும் ரீல்தான் தாத்தாவின் பெட்டியிலே கிடைத்தது.

தாத்தா அந்த ஓடைக்குப் பலமுறை சென்றவர். மீன் கூடையைச் சுமந்து சென்றவர். எந்தப் பாறையின் நிழலிலே மீன் நிற்கும் என்பது துரையைவிடத் தமக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பாராம். ஆனால் அந்தக் கோலைத் தம் கையிலே பிடித்து ஒரு மீனாவது பிடித்ததாக அவர் சொன்னதில்லை.

கடிகாரத்தின் உறவினர்

ரீலின் வரலாறு நாம் எண்ணுவதைவிட நீண்டது. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவிலே தீட்டிய ஓவியமொன்றிலே, குளிர்கால ஏரியில் தனித்த படகிலிருக்கும் கிழவன் சக்கரம் பூட்டிய தூண்டிலை ஏந்தியிருக்கிறான். இங்கிலாந்திலே 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் நூல்களிலே இக்கருவி பேசப்படுகிறது.

அதன்பின் நடந்ததே நமக்குச் சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலே, ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் கைப்பிடி ஒருமுறை சுற்ற நூலுருளை பலமுறை சுற்றும்படி பற்சக்கரங்களை அமைத்த ரீல்களைச் செய்தார். அவருடைய தொழில் யாது? கடிகாரமும் வெள்ளி வேலையும். அவருக்குப் பின் அந்த ரீலைச் செம்மைப்படுத்திய மீக் சகோதரரும் கடிகாரத் தொழிலாளரே. சுவீடன் நாட்டிலே ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921இலே சட்டைப்பைக் கடிகாரம் செய்வதற்கென ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பின்னர் அது வாடகைக் கார்களுக்கான அளவுமானிகளைச் செய்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே தூண்டில் ரீலுக்குத் திரும்பியது. ஆபு என உலகறிந்த அப்பெயரின் விரிவிலே கடிகாரத் தொழிற்சாலை என்னும் பொருள் இன்றும் ஒளிந்திருக்கிறது.

இதிலே வியப்பொன்றுமில்லை. சிறு பல், சிறு வில், சிறு அச்சு. ஒன்றையொன்று அறிந்து நடக்கும் ஒழுங்கு. கடிகாரத்தின் இலக்கணம் எதுவோ அதுவே ரீலின் இலக்கணம். 1905இலே ஆல்ஃபிரட் இல்லிங்வேர்த் என்ற ஆங்கில நெசவாலை உரிமையாளர், நூலுருளை அசையாது நிற்க, நூல் மட்டும் அதன் முனை வழியே வழுவிச் செல்லும் புதுமுறைக்குக் காப்புரிமை பெற்றார். அன்றுமுதல் உருளை தானே சுழலும் ரீல் பழைய மரபைச் சேர்ந்ததாயிற்று. பழுது பார்க்கிறவனுக்குப் பிடித்தமானது அப்பழைய மரபே. ஏனெனில் அதன் உள்ளம் திறந்தது. திருகாணிகள் சிலவற்றைக் கழற்றினால் போதும், எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உடைவது எது?

ஓடையிலே பயன்படும் எளிய ரீலிலே முதலில் உடைவது வில்லே. உருளையின் முதுகிலே சிறு பற்சக்கரம் ஒன்று இருக்கும். சட்டத்திலே ஒரு நாக்கு, அந்த நாக்கைப் பல்லோடு அழுத்தி நிற்க ஒரு வளைந்த எஃகு வில். மீன் நூலை இழுக்கும்போது நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டித் தட்டும். கிர்ரென்று எழும் அந்த ஓசை தூண்டிற்காரனுக்கு இன்பம் தருவது உண்மையே. ஆயினும் அது அழகுக்காக வைத்ததன்று. மீன் திடீரென நின்றபோதும் உருளை மட்டும் தன் வேகத்திலே சுழன்றுகொண்டிருந்தால், நூல் தளர்ந்து பின்னிச் சிக்கலாகும். அதைத் தடுப்பதே நாக்கின் கடமை. வில் முறிந்தால் நாக்கு தளரும். நாக்கு தளர்ந்தால் ரீல் ஊமையாகும்.

கடலுக்குரிய பெருக்கு ரீலிலே துன்பங்கள் மிகுதி. கைப்பிடியோடு சேர்ந்த பெரிய பற்சக்கரம் பித்தளையாகவும், அதனோடு பொருந்தும் சிறு சக்கரம் எஃகாகவும் இருந்தால், மெலிந்த பித்தளையின் பல்லே முதலில் தேயும். சக்கரங்களுக்கிடையே உள்ள தோல் வளையம் எண்ணெய் வற்றி இறுகினால், மீனின் இழுப்புக்கு இணங்கி வழுவ வேண்டிய இடத்திலே பற்றிக்கொண்டு நிற்கும்; அந்த அதிர்ச்சியும் பல்லின் மேலேயே விழும். உப்பு நீர் உட்புகுந்தால் பித்தளைத் திருகாணியைத் தொடும் இடத்திலே அலுமினியச் சட்டம் அரிபட்டு வெண்பொடியாகப் பூத்துவிடும். பக்கத் தகடுகள் பேக்கலைட்டாக இருப்பின் கீழே விழுந்ததும் கீறும். பேக்கலைட் ஒருமுறை இறுகியபின் எந்த வெப்பத்துக்கும் இளகாது. ஆகவே உருக்கி ஒட்டுதல் இயலாது. கீறலின் உட்புறத்திலே மெல்லிய தகடொன்றைப் பசையிட்டுத் தாங்கலாக வைப்பதே வழி.

மற்றொரு விந்தையும் உண்டு. பழைய ரீல்கள் பட்டு நூலுக்கும் சணல் நூலுக்கும் செய்யப்பட்டவை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலான் நூல் பரவியது. நைலான் இழுபடும்போது நீளும். நீண்டபடியே உருளையிலே சுற்றப்பட்டு, பின்னர்ச் சுருங்க முயலும். ஒரு சுற்றின் அழுத்தம் சிறிதே. நூற்றுக்கணக்கான சுற்றுகள் சேர்ந்தால் அவை உருளையின் இரு பக்கங்களையும் வெளியே தள்ளிப் பிளந்துவிடும். மீன் உடைக்காத ரீலை நூல் உடைத்த கதை இது.

லிந்துலைக் கடைத்தெருவிலே

நம் மலையகத்திலோ உப்பு இல்லை, மூடுபனி உண்டு. தோலுறையைப் பாதுகாப்பென்று எண்ணி அதற்குள்ளேயே வைத்துவிட்டால், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உலோகத்தை மெல்ல மெல்ல உண்ணும். தாத்தாவின் ரீலும் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அதனை எடுத்துக்கொண்டு லிந்துலைக் கடைத்தெருவிலே கடிகாரம் திருத்தும் பெரியவரிடம் சென்றேன். எழுபதைக் கடந்தவர். கடையின் முன்பாதியிலே அவருடைய பேரன் கைத்தொலைபேசி உறைகளை விற்கிறான். பின்பாதியிலே, ஒரு மேசையும் ஒரு விளக்குமாக, இவர். கடிகாரம் கொண்டுவருவோர் இப்போது மிகச் சிலரே.

ரீலை மேசைமேல் வைத்து, கண்ணிலே உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். "என்ன உடைந்திருக்கிறது ஐயா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க மாஸ்டர். ஒடஞ்சத பாக்குறதுக்கு முன்னாடி ஒடயாதத பாக்கணும். அப்பதான் ஒடஞ்சது என்னா வேல செஞ்சிச்சின்னு தெரியும்" என்றார்.

ஆசிரியத் தொழிலிலே இருக்கிற எனக்கு அந்தச் சொல் ரீலைப் பற்றியது மட்டுமாகத் தோன்றவில்லை.

இறுகிப்போன திருகாணிகளை அவர் வலிந்து திருகவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்த ஒரு துளியை இட்டு, "நாளக்கி வாங்க" என்றார். மறுநாள் சென்றபோது, திருகாணித் தலையின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும்படி திருப்புளியின் நுனியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கருவி பிளவை முழுவதும் நிரப்பாவிட்டால் தலை சிதைந்துவிடும். சிதைந்த தலையைக் கண்டாலே முன்பு திருத்தியவனின் பொறுமை எவ்வளவு என்று சொல்லிவிடலாமாம். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கினார். களிம்பை மென்மையான தூரிகையால் நீக்கினாரேயன்றி, உலோகத்தைப் பளபளப்பாகத் தேய்க்க மறுத்துவிட்டார். அதன் பழைய நிறமும் அதற்கு ஒரு பாதுகாப்பு என்பது அவர் கருத்து.

உள்ளே வில் இரண்டாக முறிந்து கிடந்தது. அந்த உறுப்பைக் கடையிலே வாங்க இயலாது. பெரியவர் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தின் சாவி வில்லை எடுத்தார். முறிந்த வில்லின் தடிப்பையும் அகலத்தையும் அளந்து, அதற்கேற்பத் துண்டொன்றை வெட்டினார். கடிகார வில் உறுதியானது. அப்படியே கூர்மையாக வளைத்தால் முறியும். ஆகவே அதனைச் செந்நிறமாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கினார், வளைத்தார், துளையிட்டார். மறுபடியும் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயிலே தோய்த்தார். இப்போது எஃகு கண்ணாடியைப் போலக் கடினம். கண்ணாடியைப் போலவே நொறுங்கும். இனிமேல்தான் நுட்பம்.

வில்லைப் பளிச்சென்று தேய்த்து, பித்தளைத் தூள் பரப்பிய சிறு தட்டிலே வைத்து, அடியிலே மெல்லிய சுடரைக் காட்டினார். எஃகின் முகத்திலே வைக்கோல் நிறம் தோன்றிற்று, பழுப்பாயிற்று, ஊதாவாயிற்று. முகத்தை அசைக்காமல் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலம் படர்ந்த அந்தக் கணத்திலே இடுக்கியால் தூக்கிவிட்டார். ஏறத்தாழ 300 பாகை செல்சியசிலே எழும் அந்த நீலமே வில்லுக்குரிய பதம். அதற்கு முன்னே எடுத்தால் முறியும். பின்னே எடுத்தால் வளைந்தது வளைந்தபடியே கிடக்கும். அவரிடம் வெப்பமானி இல்லை. அறுபது ஆண்டுக் கண் இருந்தது.

முன்னமே மாறிய பல்

வில்லைப் பொருத்துமுன் பற்சக்கரத்தை விளக்கினருகே கொண்டுபோனவர், திடீரென நிறுத்தினார். உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க. இதுல முன்னாடியே ஒருத்தரு கை வச்சிருக்காரு."

பார்த்தேன். வரிசையாக நின்ற பற்களிடையே ஒன்று மட்டும் சற்றே வேறு மஞ்சள். உடைந்த பல்லின் அடியிலே, உள்ளே அகன்றும் வாயிலே குறுகியும் ஒரு பள்ளத்தை வெட்டி, அதிலே புதுப் பித்தளைத் துண்டொன்றைச் செருகி, ஈயம் பற்றவைத்து, அயலிலிருந்த பற்களைப் பார்த்து அரத்தாலே உருவாக்கியிருக்கிறார்கள். எங்கும் எந்திரத்தின் தடம் இல்லை. அரம் இழுத்த மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தன. எத்தனை ஆண்டுகள் அந்தப் பல் வேலை செய்ததோ, அதன் நுனியும் மற்றவற்றைப் போலவே தேய்ந்திருந்தது.

யார் செய்தது? ரீலை இங்கிலாந்துக்கு அனுப்பித் திருத்தியிருந்தால் பல் மட்டும் மாறியிராது, சக்கரமே மாறியிருக்கும் என்றார் பெரியவர். கொழும்பிலே திருத்தியிருக்கலாம் அன்றோ என்றேன். "இருக்கலாம். ஆனா தோட்டத்து ஸ்டோருல ஆளு இல்லாமயா இருந்திச்சி?" என்று திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வியை எளிதிலே தள்ளிவிட இயலாது. தேயிலைத் தொழிற்சாலை என்பது இலை காயும் இடம் மட்டுமன்று. கொழுந்தை உருட்டும் எந்திரத்தின் மேசையிலே பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கும். அவை தேயும், மாற்ற வேண்டும். சுழலும் தண்டுகள், வார்ப்பட்டைகள், தாங்கிகள் எல்லாவற்றையும் மழைக்கால நடுவிலும் நில்லாது ஓட வைக்கத் தொழிற்சாலையை அடுத்து ஒரு பட்டறை இருக்கும். அங்கே அரம் பிடித்த கைகள் இருந்தன. பித்தளைத் துண்டுகளும் இருந்தன. துரையின் ரீல் உடைந்தால் அது ஒரு மாலைப்பொழுதுக்கு அந்தப் பட்டறைக்கு வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்றில்லை. சான்றில்லாமற் போனதே என் குறையும்.

ஏனெனில் அந்த ரீலின் முகத்திலே அதனைச் செய்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் இன்றும் தெளிவாக வாசிக்கலாம். அதனை வைத்திருந்த துரையின் பெயரெழுத்துகள் தோலுறையிலே பதிந்திருக்கின்றன. சாகும் நிலையிலிருந்த அச்சக்கரத்துக்கு உயிர் கொடுத்தவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அவர் இம்மலையகத்துத் தமிழராயின், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக் குடியும் அல்லாதவராக ஆக்கப்பட்டோருள் ஒருவராக இருந்திருக்கக் கூடும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி, இராமேசுவரத்திலே இறங்கி, தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையிலே புதுவாழ்வு தொடங்கியிருக்கவும் கூடும். நாடற்றவராய் இங்கேயே எஞ்சியவர்களுக்கு 2003இலேதான் சட்டம் குடியுரிமை அளித்தது. பல்லொன்றின் அளவை நூலிழை பிசகாமல் அறிந்த ஒருவருக்கு, தாம் எந்த நாட்டவர் என்பதைப் பிறர் சொல்லக் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது.

பெரியவர் அந்தப் பல்லை மாற்றவில்லை. "நல்லா நிக்கிது. நா ஏன் தொடணும்?" என்றார். வில்லைப் பொருத்தி, நாக்குக்கு ஒரு துளி எண்ணெய் இட்டு, உருளையைச் செருகி என்னிடம் தந்தார். சுழற்றினேன். கிர்ரென்று ஒலித்தது. முன்கடையிலிருந்த பேரன் தலையை உயர்த்திப் பார்த்தான்.

கடிகாரம் திருத்துவோரிடையே பழைய வழக்கமொன்று உண்டு. திருத்திய தேதியையும் தம் குறியையும் மூடியின் உட்புறத்திலே ஊசியால் கீறி வைப்பார்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது கடிதம். இதிலும் அவ்வாறே பெயரைக் கீறுங்கள் என்று வேண்டினேன். முதலில் மறுத்தார், பின்னர் ரீலை மறுபடியும் திறந்து, சட்டத்தின் உட்புறத்திலே தம் பெயரையும் ஆண்டையும் தமிழிலே கீறினார். ஊசியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்து, "அவரு பேர எங்க எழுதுறது மாஸ்டர்?" என்றார்.

அவருக்கு நான் விடை சொல்லவில்லை. இதனை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அக்கேள்வியை அப்படியே தருகிறேன். கொழுந்து பறித்த கைகளைப் பற்றி நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். கங்காணியைப் பற்றியும் துரையைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். அரம் பிடித்த கை, ஈயம் பற்றவைத்த கை, எஃகின் நீலத்தைக் கண்ணாலே அளந்த கை ஆகியவற்றைப் பற்றி நம் ஏடுகளிலே உள்ளது மிகச் சிறிதே. அவர்களுள் சிலர் இன்றும் நம் கடைத்தெருக்களிலே, பின்பாதி மேசைகளிலே இருக்கின்றனர். விடுமுறையிலே ஒருநாள் மாணவர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அவர்களிடம் சென்று, எங்கே பிறந்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், எதைத் திருத்தினீர்கள் என்று கேட்டு எழுதட்டும். பெரியவரின் பேரனுக்கு அந்த நீலத்தின் பதம் இன்னும் தெரியாது. அவனும் அந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதுவோருள் ஒருவனாக இருத்தல் நன்று.